றங்குப் பெட்டியிலிருந்து வன்தட்டு வரை: லுணுகலைப் பகுதித் தோட்ட மக்களும் ஆவணக் காப்பும்

முன்னுரை

மலையகத்து லயன் அறையொன்றினுள் நுழைபவர் கண்ணில் முதலிற் படும் பொருள்களுள் றங்குப் பெட்டியும் ஒன்றாகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையிலே, அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையில், பூட்டுப் போட்ட அந்தத் தகரப் பெட்டிக்கு ஓரிடம் எப்பொழுதும் ஒதுக்கப்பட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவுத் தாள், சம்பளத் துண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதம், என்றோ பதுளை நகரிலே எடுத்த குடும்பப் படம் ஆகியன அதனுள்ளே திருவிழாப் புடைவையின் அடியில் வைக்கப்பட்டிருக்கும். நகை நட்டு இல்லாத வீட்டிலும் பூட்டு ஏன் இருந்தது என்பது இக் கட்டுரையின் முதல் வினாவாகும். அப்பெட்டிக்கு இன்று வாரிசாக வந்திருக்கும் பொருள் யாது என்பது இரண்டாவது வினாவாகும்.

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும் அப்பாற் செங்கலடிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிறு நகர் லுணுகலை. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. மடூல்சீமை மலைத்தொடர் அண்மையில் உள்ளது. இப்பகுதி இளைஞர்களின் கைத்தொலைபேசிகளில் இன்று தாத்தாவின் குரலும், மாசி மாதத்துக் காமன் கூத்தின் காட்சியும், அடையாள அட்டையின் படமும் ஒருங்கே அடங்கியுள்ளன. கைத்தொலைபேசி நிறைந்ததும் அவை எங்கே செல்கின்றன? பலவேளைகளில் அழிக்கப்படுகின்றன, சிலவேளைகளில், பழைய கணனியொன்றிலிருந்து கழற்றி யூ.எஸ்.பி. உறைப்பெட்டியில் இட்ட வன்தட்டொன்றிற் சென்று சேர்கின்றன. கடைத்தெருவில் 'கேசிங்' என வழங்கும் அச்சிறு பெட்டியே புதிய றங்குப் பெட்டி எனலாம். பழைய பெட்டியின் வரலாறு புதிய பெட்டியை ஆள்வோருக்குக் கற்பிக்கும் பாடம் எது என்பதை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

கடதாசியும் குடியுரிமையும்

தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தொடக்கத்திலிருந்தே கடதாசி ஆண்டு வந்தது. ஆனால் அக்கடதாசி அவர்கள் கையில் இருக்கவில்லை. துண்டு முறை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கங்காணியினதும் அவன் கூட்டத்தினதும் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கலாம் எனத் தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அச்சீட்டின்றி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்திற்குச் செல்வது அரிதாயிற்று. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே வாசிக்க இயலாத ஒருவன், அவ்வெழுத்தினாற் கட்டுண்டு கிடந்தான். 1921ஆம் ஆண்டிலே சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. எனினும் செக்றோல், பிறப்பு இறப்புப் பதிவுகள், கடன் கணக்கு என்பனவெல்லாம் தோட்டக் கந்தோரிலேயே தொடர்ந்தும் இருந்தன.

இந்நிலையின் முழு விளைவும் சுதந்திரத்தின் பின்னரே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழியை அடிப்படையாகக் கொண்டது. இந்நாட்டிற் பிறந்தவரும், தம் தந்தை இங்கு பிறந்தவர் என்பதையோ, இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்பதையோ நிறுவ வேண்டியிருந்தது. பாட்டன் காலத்துப் பிறப்புப் பதிவை லயன் அறையில் தேடுவது எங்ஙனம்? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்தமைக்குச் சான்று கோரியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. இறுதியில் அச்சட்டத்தின் கீழ்ப் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

இத்தொகைகளுக்கிடையிலான வேறுபாட்டுக்கு அரசியற் காரணங்களே முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வரசியல் தன் கருவியாகக் கையாண்டது ஆவணத்தையே என்பது ஈண்டு கருதத்தக்கது. ஒரு மாதம் தமிழ்நாட்டிலுள்ள ஊருக்குப் போய் வந்தமை வதிவின் இடையறவாகக் கொள்ளப்பட்டிருக்கலாம். ஒரு தாளிற் 'பெருமாள்' என்றும் மறு தாளில் வேறு எழுத்துகளிலும் பதியப்பட்ட ஒரே பெயர் இருவரின் பெயராகக் கருதப்பட்டிருக்கலாம். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் விதியைத் தொகையாகவே பேசியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். எஞ்சியோர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1988ஆம் ஆண்டின் சட்டமும், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்தவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்ற நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சமூகம் தன் இருப்பைத் தாளால் நிறுவ வேண்டியிருந்தது. நகையில்லாத றங்குப் பெட்டிக்குப் பூட்டு இருந்ததன் காரணம் இதுவே.

ஒரே பிரதியின் அவலம்

பூட்டு திருடனிடமிருந்து காக்கும். தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காக்காது. மலையக மக்கள் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் வீட்டையும் பொருளையும் இழந்தனர். 1983 ஜூலையிற் பதுளை நகரிலும் தமிழர் கடைகளும் இல்லங்களும் எரிக்கப்பட்டன. அவ்வாறு எரிந்த வீடுகளிற் கட்டிலும் அலுமாரியும் மட்டும் எரியவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர், வயது, உறவு, வதிவு ஆகியவற்றுக்கான சான்றுகளும் சேர்ந்தே எரிந்தன. 1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். எரிந்த லயன்களின் றங்குப் பெட்டிகளுக்கு அவ்வாறான கணக்கெதுவும் இல்லை.

மனிதன் மூட்டிய தீயைப் போலவே மலைச்சரிவும் இம்மக்களின் ஆவணங்களை விழுங்கியுள்ளது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. உயிர்களோடு ஒப்பிடுகையிற் கடதாசி அற்பமே. ஆனால் உயிர் தப்பியவர் மறுநாளே நிவாரணத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் பாடசாலை அனுமதிக்கும் தாம் யார் என்பதை நிறுவ வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெரிதும் தாக்குண்டது.

தோட்டக் கந்தோரிலுள்ள பிரதி நிலையானது என்று கருதுவதற்கும் இடமில்லை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் தனியாரிடமிருந்தும் கொம்பனிகளிடமிருந்தும் அரசின் கைக்கு மாறின; 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடைமை மாறுந்தோறும் பழைய பேரேடுகளின் பயன் குன்றுகிறது. பயன் குன்றிய பேரேட்டை எவரும் அக்கறையோடு பேணுவதில்லை.

இவ்விழப்புகள் அனைத்திலும் பொதுவான கூறு ஒன்றுண்டு. இழந்த ஆவணம் ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருந்தது.

பிரதிசெய்து காக்கும் மரபு

தமிழ் இலக்கிய வரலாறு இதற்கு நேர்மாறான ஓர் அனுபவத்தை நமக்கு அளிக்கிறது. பனையோலை நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. செல்லும் ஈரமும் அதனைச் சில நூற்றாண்டுகளுக்குள் அழித்துவிடும். ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய செய்யுள்கள் நம் கைக்கு எட்டியுள்ளன. ஏடு அழியுமுன் அதனைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதினர். அவ்வேடும் வேறோர் ஊரில், வேறொரு வீட்டில் வைக்கப்பட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பதிப்புப் பணியில் ஈடுபட்டபோது பல ஊர்களிலிருந்தும் பல பிரதிகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினர். ஒன்றிற் செல்லரித்த அடியை மற்றொன்று நிரப்பியது. ஒன்றில் நேர்ந்த பிழையை மூன்றாவது காட்டிக்கொடுத்தது. பொருளின் உறுதியால் அன்று, பிரதிகளின் பன்மையினாலேயே அந்நூல்கள் பிழைத்தன.

மலையக இலக்கியத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் அவதானிக்கப்பட்டது 1869ஆம் ஆண்டில், லுணுகலைக்கு அயலிலுள்ள மடூல்சீமையிலாகும். அதே ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளியாயிற்று. கோப்பித் தோட்டம் அழிந்தது. அதைப் பாடிய கும்மி எஞ்சியது. பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் 2014இல் வெளிவந்த தமது 'கூலித் தமிழ்' என்னும் நூலில் அதனை விரிவாக ஆராய முடிந்தமைக்கு, அச்சான பிரதிகளுள் ஏதோ ஒன்று காலத்தைக் கடந்து நின்றமையே காரணமாகும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடி எழுதித் தொகுத்தமையும், ஒருவர் நெஞ்சில் மட்டும் இருந்ததைப் பலர் கைக்கு ஆக்கிய பணியேயாகும்.

எண்ணிம யுகத்தில் இம்மரபு வேறு வடிவம் பெற்றது. 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து நூல்களுக்கான 'நூலகம்' எண்ணிம நூலகமும் தொடங்கப்பெற்றன. கம்பளைக்கு அண்மையில் 2007இல் பழைய லயன் ஒன்றிலே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைந்தன. இவை பொது நிறுவனங்கள். ஒரு நூலையோ சஞ்சிகையையோ இவை காக்கும். ஆனால் ஒரு தனிக் குடும்பத்தின் சம்பளத் துண்டையும் பாட்டியின் ஒப்பாரியையும் அக்குடும்பமே முதலிற் காக்க வேண்டும். அதற்குரிய எளிய கருவி எது என்ற வினா நம்மை வன்தட்டினிடத்துக் கொண்டு செல்கிறது.

வன்தட்டின் வளர்ச்சி

முதலாவது வன்தட்டை 1956 செப்ரெம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் கொண்ட அப்பொறி, ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையது. ஐம்பது இலட்சம் எழுத்துகளையே அது கொண்டது. இன்று கைத்தொலைபேசியால் எடுக்கும் ஒரு படத்துக்கே அவ்விடம் போதாமற் போகலாம். 1973இல் தட்டையும் வாசிப்பு முனையையும் தூசி புகாது மூடிய அமைப்பு வந்தது. 1980இல் ஐந்தேகால் அங்குலத் தட்டும், 1983இல் மூன்றரை அங்குலத் தட்டும், 1988இல் மடிக்கணனிக்கு ஏற்ற இரண்டரை அங்குலத் தட்டும் தோன்றின. பின்னைய இரண்டு அளவுகளே இன்று நாம் பழைய கணனிகளிலிருந்து கழற்றி எடுப்பவை.

வன்தட்டின் இயக்கம் எளிதில் விளங்கக்கூடியதே. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. வாசிப்பு முனை அதன் மீது, தலைமயிரின் தடிப்பினும் பன்மடங்கு குறைந்த உயரத்தில் மிதக்கிறது. சுழலும் வேளையில் ஏற்படும் ஓர் அதிர்ச்சி முனையைத் தட்டிலே உராயச் செய்யும். உராய்ந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தது மீளாது. றங்குப் பெட்டி தலைகீழாக விழுந்தாலும் தாள் கிழியாது. இவ்வகையிற் புதிய பெட்டி பழையதினும் மென்மையானது.

யூ.எஸ்.பி. இணைப்பு 1996இல் வெளியாயிற்று. அதனை உருவாக்கிய இன்ரெல் நிறுவனப் பொறியியலாளருள் முதன்மையானவர் இந்தியாவின் பரோடாவைச் சேர்ந்த அஜய் பட் என்பவராவர். 2000ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு செக்கனுக்கு 480 மெகாபிற் வேகத்தையும், 2008இன் மூன்றாம் பதிப்பு அதனிலும் பத்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தையும் அளித்தன. இவ்வளர்ச்சியினாலேயே கணனியைத் திறவாமல் வெளியிலிருந்து வன்தட்டை இணைப்பது நடைமுறைச் சாத்தியமாயிற்று. உறைப்பெட்டியினுள்ளே இருப்பது ஒரு சிறு மின்சுற்று மட்டுமே. வன்தட்டின் மொழியை யூ.எஸ்.பி. மொழியாக மாற்றும் மொழிபெயர்ப்பாளன் அது.

உறைப்பெட்டியும் வன்தட்டும் உலகச் சந்தையில் எவ்வளவு நெருங்கியவை என்பதை 2011ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று காட்டியது. அவ்வாண்டு தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளத்தால் வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கி, விலை பன்மடங்காயிற்று. கலிபோர்னியாவின் பேக்பிளேஸ் என்ற தரவுக் காப்பு நிறுவனம், சில்லறைக் கடைகளில் யூ.எஸ்.பி. பெட்டியோடு விற்கப்பட்ட வன்தட்டுகளை வாங்கி, பெட்டியை உடைத்துத் தட்டை எடுத்துத் தன் களஞ்சியத்திற் பொருத்தியது. நாம் பழைய தட்டைப் பெட்டியில் இடுகிறோம். அவர்கள் புதிய தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தனர். தட்டுப்பாடு இருவருக்கும் ஒரே வழியைக் காட்டிற்று.

இலங்கையில் அத்தட்டுப்பாடு 2022இல் வேறு வடிவில் வந்தது. டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை தோட்டக் குடும்பத்தின் கைக்கு எட்டாததாயிற்று. மறுபுறம், மடிக்கணனி வைத்திருப்போர் விரைவை நாடித் திண்மநிலைத் தட்டுக்கு மாறியபோது, நல்ல நிலையிலிருந்த சுழல்தட்டுகள் மேசை இழுப்பறைகளில் எஞ்சின. பழைய வன்தட்டுக்கு உறைப்பெட்டி வாங்குவது இத்தகைய பொருளாதாரச் சூழலில் அறிவார்ந்த செயலேயாகும்.

பழைய தட்டைக் களஞ்சியமாக்குதல்

எனினும் பழைய தட்டு என்பது பழைய மாட்டைப் போன்றது. வாங்குமுன் பல்லைப் பார்க்க வேண்டும். வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கும் வசதி கொண்டவை. எத்தனை மணிநேரம் இயங்கியது, எத்தனை துண்டங்கள் பழுதாகி மாற்றப்பட்டன, எத்தனை வாசிக்க முடியாதுள்ளன என்பவற்றை இலவச மென்பொருள்களாற் படிக்கலாம். கூகிள் நிறுவன ஆய்வாளர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை அவதானித்து 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பரிசோதனையில் முதலாவது பிழை தோன்றிய தட்டு, பிழையற்ற தட்டைவிட அடுத்த அறுபது நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதியாகும். ஆகவே பிழை காட்டிய தட்டிற் பாட்டியின் குரலை ஒப்படைத்தல் ஆகாது. ஆனால் அதே ஆய்வு மற்றுமோர் உண்மையையும் கூறுகிறது: செயலிழந்த தட்டுகளுட் பல எவ்வித முன்னறிவிப்பும் தரவில்லை. நலம் காட்டும் தட்டையும் முற்றாக நம்பலாகாது என்பதே இதன் பொருள்.

அடுத்து மின்சாரம் பற்றிய அறிவு வேண்டும். இரண்டரை அங்குலத் தட்டு ஐந்து வோல்ற்றில் இயங்குவது; யூ.எஸ்.பி. கம்பியே அதற்குப் போதும். மூன்றரை அங்குலத் தட்டுக்குப் பன்னிரண்டு வோல்ற்றும் தேவையாதலால் தனி மின்வழங்கியுள்ள பெட்டியையே வாங்க வேண்டும். சிறிய தட்டும் சுழலத் தொடங்கும் கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். பழைய யூ.எஸ்.பி. துளை 500 மில்லிஅம்பியரையே தரக் கடமைப்பட்டது. மூன்றாம் பதிப்பினது 900 மில்லிஅம்பியர். மின் போதாத தட்டு 'டிக், டிக்' என ஒலித்து நின்றுவிடும். தட்டு பழுதென எண்ணி எறிபவரும் உளர். பலவேளைகளில் வேறொரு துளையோ, நல்ல கம்பியோ, தனி மின் பெறும் இணைப்புப் பலகையோ அதனை இயங்கச் செய்துவிடும்.

பழைய உறைப்பெட்டிகள் சில 2 டெராபைற்றுக்கு மேற்பட்ட தட்டை முழுமையாக அறியா. வேறு சில, தட்டிலுள்ள துண்டங்களின் அளவைத் தமக்கேற்ப மாற்றிக் காட்டும். அத்தகைய பெட்டியில் எழுதிய தட்டை வேறு பெட்டிக்கு மாற்றினால் உள்ளேயிருப்பது வெறுமையாகத் தோன்றும். எனவே எதனையும் சேமிக்குமுன் ஒரு சிறு கோப்பை எழுதி, தட்டைக் கழற்றி, வேறு பெட்டியிலோ கணனியிலோ இட்டு வாசித்துப் பார்த்தல் நலம். கந்தோர்களிலிருந்து வந்த தட்டானால் முன்னைய உடைமையாளரின் விபரங்கள் அதில் எஞ்சியிருக்கலாம். முழுத் தட்டின் மீதும் வெறுமையை எழுதி அவற்றை அழிப்பது நாகரிகமும் கடமையுமாகும்.

பல தட்டுகளை ஒன்றிணைத்து ஒரே பெருங்களஞ்சியமாக்கலாமா என்று கணனி அறிந்த இளைஞர் வினவுவர். 1988இற் பேர்க்கிளியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவரும், விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறுதட்டுகளை ஒன்றுசேர்க்கலாம் என எழுதினர். தட்டுகள் பெருகப் பெருக அவற்றுள் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பும் பெருகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலால் ஒன்றின் இழப்பை ஏனையவை ஈடுசெய்யுமாறு மிகைத் தகவலையும் சேர்த்து எழுதும் முறைகளை வகுத்தனர். 'ரெய்ட்' எனப் பெயர்பெற்ற அம்முறை பெரு நிறுவனங்களுக்கு ஏற்றது. யூ.எஸ்.பி. பெட்டிகளை அவ்வாறு பிணைத்தால், கம்பியொன்று அசைந்தாலும் தொகுதி முழுவதும் குழம்பக் கூடும். அன்றியும் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் எல்லாத் தட்டுகளிலிருந்தும் அது உடனே அழிந்துவிடும். இடி ஒன்று விழுந்தால் ஒரே மேசையிலுள்ள அனைத்தும் ஒருங்கே எரியும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஊவா மலைகளில் முழங்கும் இடியை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தோட்டத்து வீட்டுக்கு உகந்தது எளிய முறையே. தட்டுகளைப் பிணைக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனி முழுப் பிரதியாக வைத்தல் வேண்டும். ஒரு தட்டு அன்றாட வழக்கில் இருக்கட்டும். இரண்டாவது மாதம் ஒருமுறை மட்டும் இணைக்கப்பட்டுப் பிரதிசெய்யப்பட்டதும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு மூடிய டப்பாவில் வைக்கப்படட்டும். மின்வெட்டு நேரும் வேளையிற் பிரதிசெய்தல் ஆகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றதை நாம் கண்டோம். எழுதிக் கொண்டிருக்கும்போது மின் நின்ற தட்டின் கோப்புகள் சிதைவதுண்டு. மூன்றாவது பிரதி இன்னொரு கூரையின் கீழ் இருத்தல் வேண்டும். புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோக் வகுத்த, மூன்று பிரதி, இரு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற விதி இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது.

ஏட்டுப் பதிப்பாசிரியர் செய்த ஒப்புநோக்கும் இங்கு உண்டு. ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கணித்தெடுக்கும் சரிபார்ப்புத் தொகையைப் பட்டியலிட்டு வைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டால் எந்தப் பிரதியில் எழுத்து மாறியது என்பது புலப்படும். பாடபேதம் காணும் பணியையே பொறி செய்கிறது. இவற்றோடு, தட்டின் மேல் திகதியிட்ட ஒரு தாள் ஒட்டியிருத்தல் வேண்டும். படத்தில் உள்ளவர் யார், எந்தத் தோட்டத்து எந்த டிவிசன் என்பது கோப்பின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். பெயரற்ற பத்தாயிரம் படங்கள் பேரனுக்கு வரலாறாக மாட்டா.

மூன்றாவது பிரதி எங்கே?

லுணுகலையிலுள்ள ஒரு குடும்பம் தன் மூன்றாவது பிரதியை எங்கே வைக்கலாம்? அடுத்த லயனில் வைத்தால் ஒரே சரிவு இரண்டையும் மூடலாம். பதுளையிலோ கொழும்பிலோ வேலை செய்யும் மகனிடம் வைத்தல் சிறந்தது. ஆனால் இச்சமூகத்திற்கு இன்னொரு வழியும் உண்டு. அதனை எண்ணும்போது வரலாற்றின் கசப்பும் உடனெழுகிறது.

1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. அண்ணன் இந்தியப் பிரசையாகி மன்னார்க் கடலைக் கடந்தான். தம்பி இலங்கைப் பிரசையாக லயனிலேயே நின்றான். சென்றோருட் பலர் நீலகிரியிற் குடியமர்ந்தனர். அவர்களின் மறுவாழ்வுக்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கு தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுக்கும் ஊவாவிலுள்ள உறவினருக்கும் இடையே கடிதம் குறைந்தது. கடிதம் எழுதியவர் மறைந்தபின் முகவரியும் மறைந்தது. கைத்தொலைபேசி வந்த பின்னர் அறுந்த உறவுகள் சில மீண்டும் துளிர்த்துள்ளன. அண்ணன் கொண்டு சென்ற பெட்டியில் தாத்தாவின் படம் இருக்கலாம். தம்பி வைத்திருக்கும் பெட்டியிற் பாட்டியின் பிறப்புப் பதிவு இருக்கலாம். இரண்டையும் பிரதிசெய்து இரு தட்டுகளிலும் இட்டு, ஒன்று லுணுகலையிலும் ஒன்று கூடலூரிலும் இருக்குமாயின், ஒரே தீயும் ஒரே சரிவும் இரண்டையும் அழிக்க இயலாது. இரு அரசுகள் இம்மக்கள்மீது திணித்த தூரம், அவர்தம் நினைவுகளுக்குப் பாதுகாப்பான தூரமாகும்.

இவ்வாறு கூறுவது அப்பிரிவினையை நியாயப்படுத்துவதாகாது. கேளாமல் வந்த தூரத்தையும் தமக்குப் பயன்படுமாறு ஆக்கிக்கொள்ளும் உரிமை அம்மக்களுக்கு உண்டு என்பதே நம் கருத்து.

முடிவுரை

பழைய வன்தட்டொன்றை யூ.எஸ்.பி. பெட்டியில் இடுவது சிறு தொழில்நுட்பச் செயலாகத் தோன்றலாம். மலையகத்தின் ஆவண வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது அதன் பொருள் விரிவடைகிறது. துண்டு முறைக் காலத்தில் தொழிலாளியைப் பற்றிய எழுத்து துரையின் கையில் இருந்தது. பிரசாவுரிமைச் சட்டங்களின் காலத்தில் அவ்வெழுத்தைத் தேடித் தொழிலாளி கந்தோர் கந்தோராக அலைந்தான். இன்று தன்னைப் பற்றிய எழுத்தையும் குரலையும் படத்தையும் தானே தொகுத்து, தானே பிரதிசெய்து, தான் நம்புவோரிடம் கொடுத்து வைக்கும் ஆற்றல் முதன்முறையாக அவன் வீட்டுக்குள் வந்துள்ளது. அதற்கான செலவு ஓர் உறைப்பெட்டியின் விலையே.

ஆயினும் கருவி தானாக எதனையும் காக்காது. ஓலையைப் போலவே தட்டும் அழியும். ஓலையைவிட விரைவாகவே அழியும். ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை மற்றொரு தட்டுக்கு மாற்றி எழுதும் பழக்கம் இருந்தாலன்றி, எத்தனை பெட்டிகள் இருந்தும் பயனில்லை.

தோட்டப் பகுதிகளிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர்க்கு இங்கு ஒரு கடமை உண்டு. விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஓர் உறைப்பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். முதலில் உங்கள் வீட்டு றங்குப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு தாளையும் படம் பிடியுங்கள்; பாட்டியை அருகிலிருத்தி, ஒவ்வொரு தாளும் எப்போது, எதற்காகக் கிடைத்தது என்று கேட்டு அக்குரலையும் பதிவு செய்யுங்கள். தாள் பிழைத்தாலும், அதன் கதையைச் சொல்லக்கூடியவர் நெடுங்காலம் இருக்கப் போவதில்லை. அயல் வீட்டாரின் பெட்டியையும் அவர்தம் சம்மதத்தோடு அவ்வாறே செய்யலாம். ஒரு தோட்டத்து இருபது பெட்டிகள் இவ்வாறு பிரதியாகுமாயின், நாளை இம்மக்களின் வரலாற்றை எழுத முற்படுபவர் எரிந்த பேரேடுகளையும் பிறர் எழுதிய அறிக்கைகளையும் மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை ஏற்படாது.